ஆயாவுக்குச் சம்பளம் உண்டு



ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வங்கிக்குப் போனாலும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனாலும் நம் கையில் ஒரு பாரத்தைக் கொடுக்கிறார்கள். பெயர், அடையாள அட்டை எண், முகவரி என்று எழுதிக்கொண்டே வந்தால் 'பெக்கர்ஜாஆன்' என்று ஒரு வரி வரும். நம்மில் எத்தனையோ பேர் அங்கே 'சூரி ரூமா' என்று எழுதுகிறோம். அதற்குக் கீழே வருமானம் எவ்வளவு என்று இன்னொரு வரி இருக்கும். அங்கே ஒன்றும் எழுதாமல் ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். பதின்மூன்று ஆண்டுகள் நானும் அந்தச் சிறு கோட்டை இழுத்தவள்தான். 1996-இல் வேலையை விட்டேன். 2009-இல் மறுபடியும் வேலைக்குப் போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

அண்மையில் கோயிலில் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது, கைக்குழந்தை வைத்திருக்கும் இரண்டு மூன்று பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, இத்தனை வருஷம் வீட்டில் இருந்துவிட்டு எப்படித் தைரியமாகப் போனீர்கள்?" என்று கேட்டார்கள். தைரியம் என்ற சொல்தான் எனக்குப் பிடிபடவில்லை. வேலைக்குத் திரும்பப் போவதற்குத் தைரியம் வேண்டும் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், மேடையிலும் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரையில் வேண்டியது தைரியமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு யார் கதவு திறப்பது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். அந்தப் பதில் எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

எஸ்.பி.எம். முடித்து, தட்டச்சு வகுப்புக்கும் போய்வந்த பிறகு, 1990-இல் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கப்பலில் வரும் சாமானுக்குச் சுங்கத்துறையில் பாரம் கொடுக்க வேண்டும். உள்ளே வரும் சரக்குக்குக் கே-1, வெளியே போகும் சரக்குக்குக் கே-2. அப்போது எங்கள் ஆபீசில் எல்லாம் டைப்ரைட்டர்தான். நடுவில் கார்பன் தாள் வைத்து அடிக்கும்போது ஓர் எழுத்து தவறினாலும் எல்லாப் பிரதியிலும் தவறும். சம்பளம் 450 வெள்ளி. தோட்டத்திலிருந்து வந்த பெண்ணுக்கு அது பெரிய காசு. தட்டச்சு இயந்திரத்தின் முன் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்பது எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய விஷயம்.

1992-இல் திருமணம், 1994-இல் மூத்தவன். பக்கத்து வீட்டு அக்கா அவனைப் பார்த்துக்கொண்டார். 1996-இல் மகள் பிறந்த சமயத்தில் அந்த அக்கா வீடு மாறிப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் ஓர் இரவு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். சம்பளம் 650. சேமநிதிக்குப் பிடித்தது போகக் கையில் வருவது ஏறக்குறைய 575. இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வெளியில் கேட்கும் காசு 320. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் 90. மிச்சம் 165 வெள்ளி. "இந்த நூற்றறுபத்தைந்துக்கு நீ காலை ஆறு மணிக்கு ஓட வேண்டுமா?" என்று கேட்டார். அதில் கடுமை ஏதுமில்லை. என் மேல் உள்ள அக்கறையில் கேட்டதுதான். மாத முடிவில் வேலையை விட்டேன்.

இப்படி ஒரு கணக்கை நம் வீடுகளில் பலரும் போட்டிருப்பார்கள். அந்தத் தாளைக் கவனித்தால் ஒன்று தெரியும். பிள்ளை பார்க்கிற காசு எப்போதும் தாயின் சம்பளத்திலிருந்துதான் கழியும். தகப்பன் சம்பளத்திலிருந்து அதைக் கழித்துக் கணக்குப் போட்ட வீட்டை இதுவரை நான் பார்த்ததில்லை. பிள்ளை என்னவோ இரண்டு பேருக்கும்தான்!

நம் அம்மாமார்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள் என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? சொல்ல மாட்டார்கள். அவர்கள் வேலையை விட்டதே கிடையாது. என் அம்மா கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, பெரட்டுக்கு ஓடுவார். பிறகு உளியும் வாளியுமாகத் தம் நிரைக்குப் போனால், பாலெடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு வர மத்தியானம் தாண்டிவிடும். பேறு பார்த்துப் பச்சை உடம்பு தேறியதும் மறுபடியும் அதே நிரைதான். வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்த தாய் என்று அந்த லயத்தில் எனக்கு ஒருவரையும் நினைவில்லை. கிராணி வீட்டு அம்மா மட்டும் இருந்தார்.

பிள்ளைகள் எங்கே இருந்தோம்? ஆயாக் கொட்டகையில்! தோட்டத்தில் வளர்ந்த சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பட்டணத்தில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நீளமான ஒரு கொட்டகை. உத்திரத்திலிருந்து வரிசையாக ஏணைகள் தொங்கும். பழைய சேலைத் துணிதான் ஏணை. வேலை செய்ய முடியாத வயதில் இருக்கும் ஒரு பாட்டியோ இரண்டு பாட்டிகளோ ஆயா. இருட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, கூடவே ஒரு பால் புட்டியும் ஒரு துண்டும் கொடுத்துவிட்டு அம்மா போய்விடுவார். எங்களுக்குப் பால் கலக்கிக் கொடுத்ததும், அழுகிற பிள்ளைக்கு ஏணையை ஆட்டியதும், மூக்கைத் துடைத்ததும் அந்த ஆயாதான்.

அந்தக் கொட்டகையைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஈ மொய்க்கும். ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால் எல்லாப் பிள்ளைக்கும் பிடிக்கும். கிள்ளி வைக்கிற ஆயாவும் உண்டு. எங்கள் முதுகில் வேர்க்குரு இல்லாத நாள் கிடையாது. ஆனாலும் ஒரு விஷயத்தை அந்தத் தோட்டம் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தது. தாய் மரம் வெட்ட வேண்டுமானால் யாராவது பிள்ளையைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்ப்பது ஒரு வேலை. அந்த வேலைக்குச் சம்பளம் உண்டு. துரைமார் நம் மேல் வைத்த பாசத்தால் அதைச் செய்யவில்லை. பெண் வராவிட்டால் பாதி மரம் வெட்டாமல் நிற்கும். அது அவர்களுக்குத் தெரியும்.

பிறகு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1980, 90-களில் கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரத்தில் தோட்டம் தோட்டமாக விற்று வீடமைப்புப் பகுதியாக்கினார்கள். மற்ற இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்தோம். குழாய்த் தண்ணீர் வந்தது, மின்சாரம் வந்தது, தொலைக்காட்சி வந்தது. ஆயாக் கொட்டகை மட்டும் நம்மோடு வரவில்லை. கொட்டகை இல்லாததால் வீட்டில் நின்ற பெண்ணைப் பார்த்துக் 'குடும்பப் பெண் என்றால் வீட்டோடு இருப்பவள்' என்று சொல்லப் பழகிக்கொண்டோம். இது என்னவோ ஆதிகாலத்து வழக்கம்போல் பேசுகிறோம். நம் குடும்பங்கள் பலவற்றில் அதற்கு வயது ஒரு தலைமுறைகூட இல்லை.

நானும் அப்படித்தான் வீட்டோடு இருந்தேன். 1999-இல் மூன்றாவதும் பிறந்தான். அந்த ஆண்டுகளை வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று பிள்ளைகளும் எழுத்துக் கூட்டிப் படித்தது என் மடியில்தான். இடையிடையே வேலைக்குப் போகும் பேச்சு வரும். உடனே ஒரு பரீட்சையும் வரும். "மூத்தவன் யு.பி.எஸ்.ஆர். முடிக்கட்டும்." அது முடிந்தால், "மகள் யு.பி.எஸ்.ஆர். முடிக்கட்டும்." அதற்குள் மூத்தவனுக்குப் பி.எம்.ஆர். நெருங்கிவிடும். இன்று யு.பி.எஸ்.ஆர். கிடையாது, 2021-இல் எடுத்துவிட்டார்கள். பி.எம்.ஆருக்குப் பதிலாக வந்த பி.தி.3-உம் 2022-இல் போய்விட்டது. அந்தக் காரணம் மட்டும் போகவில்லை. கோயிலில் என்னிடம் கேட்ட பெண்களில் ஒருத்தி, "சின்னவள் ஒன்றாம் ஆண்டுக்குப் போகட்டும் என்று பார்க்கிறேன்" என்றாள். பார்க்கலாம் என்று ஆரம்பித்தால் கடைசியில் எஸ்.பி.எம். வரை பார்க்க வேண்டியதுதான்.

2008 கடைசியில் உலகமெங்கும் பொருளாதாரம் விழுந்தது அல்லவா? என் வீட்டுக்காரர் ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். ஓவர்டைம் முழுவதும் நின்றுபோனது. அடிப்படைச் சம்பளத்தில் ஐந்து பேரும் அத்தையும் சாப்பிட வேண்டும். மூத்தவனை மேலே படிக்க வைக்க வேண்டும். நான் வேலை தேடக் கிளம்பினேன்.

இரண்டு இடங்களில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி: "பதின்மூன்று வருஷம் என்ன செய்தீர்கள்?" பிள்ளை வளர்த்தேன் என்றேன். "ஓ" என்றார்கள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. குடும்பம் நடத்துவதும் ஒரு கம்பெனி நடத்துவதும் ஒன்றுதான், அந்த அனுபவத்தைப் பெருமையாகச் சொல்லுங்கள் என்று யாராவது உங்களுக்குப் புத்தி சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அது காதில் ஏறுவதில்லை. மூன்றாவதாக ஒரு கடையில் உடனே வரச் சொன்னார்கள். ஆனால், "சேமநிதி, சொக்சோ எல்லாம் வேண்டாம்மா, அந்தக் காசைக் கையில் கூட்டிக் கொடுக்கிறேன்" என்றார் முதலாளி. ஆறு வருஷம் ஆபீசில் இருந்தவள் நான். அது சட்டப்படி அவர் கட்ட வேண்டிய காசு என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று வந்துவிட்டேன். கடைசியில் கைகொடுத்தது பழைய சிநேகம்தான். என்னோடு டைப் அடித்த சீனத்தி ஒருத்தி சொந்தமாகச் சிறிய ஆபீஸ் போட்டிருந்தாள். போனில் பேசினேன். "நீ இன்னும் கண்டெய்னர் நம்பரில் தப்புக் கண்டுபிடிப்பாயா?" என்று கேட்டுச் சிரித்தாள். சம்பளம் 850 என்றாள்.

அன்றிரவு வீட்டில் பேச்சு எடுத்தேன். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "சின்னவனுக்குப் பத்து வயசுதான் ஆகிறது. அம்மா இல்லாத வீட்டுக்குப் பிள்ளை வந்தால் கெட்டுப்போகாதா?" என்றார்.

அத்தை, அதாவது என் மாமியார், கூடத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மாமனார் காலமான பிறகு 2003-இலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். பதினாறு வயதிலிருந்து தோட்டம் விற்கும்வரை பால்மரம் வெட்டியவர். அப்போது அவருக்கு வயது 66, இனிப்பு நீரும் உண்டு. அவர் என் பக்கம் பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நீ எங்கேடா வளர்ந்தே?" என்று மகனைக் கேட்டார். "என் மடியிலேயா வளர்ந்தே? ஆயாக் கொட்டகை ஏணையிலேதானே வளர்ந்தே. கெட்டா போயிட்டே?"

அவர் சோற்றுத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். "நீ போ புள்ள. பிள்ளைங்களை நான் பார்த்துக்கிறேன். ஆனா ஒண்ணு. தோட்டத்திலே ஆயாவுக்குச் சம்பளம் உண்டு. சம்பள நாளிலே பேரைக் கூப்பிட்டுக் கையிலே கொடுப்பாங்க. எனக்கும் கொடுக்கணும்."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. "பேரப்பிள்ளையைப் பார்க்க யாராவது காசு கேட்பாங்களாம்மா?" என்றார் இவர். "முப்பத்தெட்டு வருஷம் மரம் வெட்டினேன். மரமும் எனக்குப் பிள்ளை மாதிரிதான். அதுக்குக் காசு வாங்கலியா?" என்றார் அத்தை. எவ்வளவு என்று நான் கேட்டேன். இருநூறு வெள்ளி என்றார். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

சகோதரிகளே, உங்களில் சிலருக்கு இது வினோதமாக இருக்கலாம். சொந்தத்துக்குள் என்ன காசுக் கணக்கு என்று முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த இருநூறு வெள்ளிதான் எங்கள் வீட்டை நேராக்கியது. இனாமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு நாள் முதுகு வலிக்கும்போது 'உன் பிள்ளைகளுக்கு நான் வேலைக்காரியா?' என்று வந்திருக்கும். நானும் நன்றிக்கடனில் எதற்கும் வாய் திறக்க முடியாமல் இருந்திருப்பேன். அத்தை ஓர் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானத்தோடு அவர் பொறுப்பு முடியும். ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளை தண்ணீர் கேட்டால்கூட, "உன் அம்மாகிட்டே கேள்" என்று சொல்லிவிடுவார்! ஒவ்வொரு மாதமும் சம்பள நாளில் நான் கொடுக்கும் நோட்டை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மடியில் வைப்பார். பிறகு தேசிய சேமிப்பு வங்கியில் போடுவார். தபால் ஆபீசில் சேமித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து அவரிடம் புத்தகம் இருந்தது; 1974 டிசம்பரில் அது பேங்க் சிம்பானான் நேஷனலாக மாறியபோது கூடவே மாறியவர். ஒரு தடவை என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைவரி கட்ட அவரிடம் நூறு வெள்ளி வாங்கினார். அதை நாட்காட்டியில் குறித்துவைத்துத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

2009-இல் என் கணக்கையும் கேளுங்கள். 850-இல் அப்போது தொழிலாளியின் சேமநிதிப் பங்கு 8 விழுக்காடு, 68 வெள்ளி. சொக்சோ சில வெள்ளி. அத்தைக்கு 200. ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் 100. வீட்டுக்கு மிச்சம் 475 வெள்ளிக்கு மேல். மளிகைக் கடைக் கணக்கு அதில் அடைந்தது.

முதல் இரண்டு வாரத்தை நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது. நாலரைக்கு எழுந்து சமைத்து, கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, ஜாலான் காஸ்தாமில் இறங்கி நடப்பேன். 2010-இல் பெண்களுக்கென்று தனிப்பெட்டி விட்டார்கள். அதுவரை ஆண்களோடு இடித்துப் பிடித்துக்கொண்டுதான் பயணம். ஆபீசில் டைப்ரைட்டர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் திரை. பாரத்தைக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பிச் சுங்கத்துக்கு அனுப்ப வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தது 24 வயதுத் தமிழ்ப் பெண். "ஆன்ட்டி, இங்கே அமுக்குங்க. ஆன்ட்டி, அங்கே அமுக்காதீங்க." என் மகளுக்கு அக்கா வயது. வீட்டில் மூன்று பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய், இங்கே மூடிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தது. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் தெரியாமல் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன்.

ஆனால் பாரத்துக்குள்ளே இருப்பது மாறவில்லை. கண்டெய்னர் எண்ணுக்கு நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் முன்னால் உள்ளவை சரியா என்று பார்ப்பதற்கென்றே போட்டது. எந்தச் சரக்கு எந்த வரி எண்ணில் வரும் என்று பார்க்கும் முறையும் அதேதான். மூன்றாம் வாரத்தில் அந்தப் பெண் அனுப்ப இருந்த ஒரு பாரத்தில் எடை கிலோவுக்குப் பதில் டன்னில் இருப்பதைக் காட்டினேன். அன்றிலிருந்து அனுப்புமுன் என்னிடம் ஒரு தடவை காட்டுவாள். ஆன்ட்டி என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

வீட்டில் ஒரு சங்கடம். அத்தை, மகளை மட்டும்தான் வேலை வாங்கினார். "பொம்பளைப் பிள்ளை சோறு வடிக்கட்டும்" என்பார். பையன்கள் இருவரும் தொலைக்காட்சிக்கு முன். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. எனக்குப் பதிலாக இன்னொரு பெண்ணை அடுப்படியில் நிறுத்திவிட்டு நான் ஆபீசுக்குப் போவதில் என்ன லாபம்? மூத்தவனுக்குத் துணி, சின்னவனுக்குத் தட்டு, மகளுக்குச் சோறு என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மாதம் ஒருமுறை மாறும். அத்தை ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தட்டு மட்டும் கழுவியாயிற்று. சின்னவன் சில நாள் அழுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. மத்தியானம் போன் போட்டு, "எப்போ வர்றீங்க?" என்று கேட்பான். மூன்று மாதத்தில் அது குறைந்து, பிறகு போன் வந்தால் காசு கேட்கத்தான் என்று ஆகிவிட்டது. 2011-இல் மூத்தவனுக்கு எஸ்.பி.எம்., மகளுக்குப் பி.எம்.ஆர்., சின்னவனுக்கு யு.பி.எஸ்.ஆர். மூன்றும் ஒரே ஆண்டில் வந்தன. நான் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். மூவரும் தேறினார்கள்.

வேலையில் சேர்ந்த சில மாதத்தில் சேமநிதி அலுவலகத்தில் என் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 1996-இல் விட்டபோது பதினோராயிரத்துச் சொச்சம் இருந்தது. இப்போது இருபத்திரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது! நான் ஒரு காசு போடவில்லை. லாப ஈவு தானாகச் சேர்ந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. வேலையை விட்ட ஆண்டில் என் பங்கு 11, முதலாளி பங்கு 12, ஆக 23 விழுக்காடு. 650 வெள்ளிச் சம்பளத்தில் மாதம் ஏறக்குறைய 150 வெள்ளி என் பெயரில் போய்க்கொண்டிருந்தது. பதின்மூன்று ஆண்டு என்றால் 156 மாதம். சம்பளம் ஒரு வெள்ளிகூட உயரவில்லை, விழுக்காடும் மாறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 23,400 வெள்ளி. லாப ஈவு தனி. நாட்காட்டித் தாளில் மிச்சம் என்று எழுதிய 165 வெள்ளிக்குப் பக்கத்தில் இந்த 150-க்கு இடமே இல்லை. அது கையில் வராத காசு, ஆகவே யார் கண்ணிலும் படுவதில்லை. ஐம்பத்தைந்து, அறுபது வயதில் பெண்ணிடம் இருப்பது அந்தக் காசுதான். பிள்ளைகள் பார்ப்பார்கள் என்றால் பார்க்கட்டும், நல்லதுதான்.

2013-இல் முதல்முதலாகக் குறைந்தபட்சச் சம்பளம் வந்தபோது தீபகற்பத்துக்கு 900 வெள்ளி என்றார்கள். 2025-இல் அது 1,700. இந்த இடைவெளியில் எனக்கும் ஏறியது. 2015 ஏப்ரல் முதல் தேதி ஜி.எஸ்.டி. வரி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடையில் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆபீசில் எனக்கு மட்டும் உள்ளூர ஒரு நிம்மதி. ஏனென்றால் அன்று எல்லாருமே புதியவர்கள்! பட்டதாரியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படித்தோம். 2018 ஜூனில் அதைப் பூஜ்யமாக்கி, செப்டம்பரில் பழைய விற்பனை, சேவை வரிக்குத் திரும்பினார்கள். பழைய முறையைக் கண்ட அனுபவம் என்னிடம் இருந்தது. அந்த மாதம் 'ஆன்ட்டி, ஆன்ட்டி' என்று என் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம்.

போகலாமா என்று யோசிக்கும் சகோதரிகளுக்கு எனக்குத் தெரிந்த சில விஷயங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே சேமநிதியும் சொக்சோவும் உண்டா என்று கேளுங்கள். அரை நாள் வேலையானாலும் சேமநிதி உண்டு. ஐயாயிரம் வெள்ளி வரை சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு, தொழிலாளி 11 விழுக்காடு. கைமேல் கூட்டிக் கொடுக்கிறேன் என்பவர் உங்கள் முதுமையிலிருந்து எடுத்து உங்களுக்கே கொடுக்கிறார். இன்னும் சில ஆண்டு வீட்டில்தான் இருக்க வேண்டும் என்கிற நிலையில் உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது. 2022 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இல்லத்தரசிகளுக்கென்று சொக்சோவில் ஒரு திட்டம் நடக்கிறது. 55 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம். குளியலறையில் வழுக்கி விழுவதும், கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டுவதும் வேலையிடத்து விபத்துதான் என்று அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சேமநிதியிலும் நிரந்தர வருமானம் இல்லாதவர்கள் ஐ-சாராஆன் திட்டத்தில் தாமாகவே காசு போடலாம். 2025-இலிருந்து போடுகிற காசுக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்த்துப் போடுகிறது. மாதம் இருபது வெள்ளியானாலும் உங்கள் பெயரில் போட்டு வையுங்கள். வீட்டுக்காரர் கேட்டால், ஆயா சம்பளம் என்று சொல்லுங்கள்!

அத்தை 2016 வரை சம்பளம் வாங்கினார். அதற்குள் சின்னவனுக்கே பதினேழு வயதாகிவிட்டது, பார்த்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் வேலை நீக்கம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் அவரே, "போதும் புள்ள, நான் ரிட்டயர் ஆகிக்கிறேன்" என்றார். அந்தக் காசில் ஒரு ஜோடித் தோடு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தம் சொந்தக் காசில் பத்துமலைக்குப் போய்வந்தார். இப்போது அவர் இல்லை. தோடு என் மகளிடம் இருக்கிறது.

அந்த மகளுக்கு இப்போது எட்டு மாதக் குழந்தை. ஷா ஆலாமில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். எங்கள் காலத்தில் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 98 நாளாகியிருக்கிறது. அதையும் எடுத்து முடித்துவிட்டாள். குழந்தையை அவள் கணவரின் சித்தி பார்த்துக்கொள்கிறார். இந்த ஆண்டு முடிய அவர் ஊருக்குப் போகிறார். "அம்மா, நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டாள். எனக்கு வயது 55. அறுபது வரை வேலை இருக்கிறது. செய்யவும் ஆசை இருக்கிறது. இல்லை என்று சொல்லத் தொண்டை அடைத்தது. ஆனாலும் சொன்னேன். சனி, ஞாயிறு நான் பார்க்கிறேன், மற்ற நாளுக்கு வழி தேடுவோம் என்றேன்.

இருவரும் போய் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாஸ்காவைப் பார்த்துவிட்டு வந்தோம். மாதம் 650 வெள்ளி. மாலை ஐந்தரைக்குப் பிறகு பிள்ளையை விட முடியாது. அவள் போனில் கணக்குப் போட்டாள். தன் சம்பளத்திலிருந்து கழிக்க ஆரம்பித்தாள். இரண்டு பேர் சம்பளத்தையும் கூட்டி அதிலிருந்து கழி, சேமநிதிக்கு ஒரு வரி போடு என்றேன். மருமகன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், சரியென்று தலையாட்டினார். இனி அந்த ஐந்தரை மணிதான் மிச்சம். வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம் என்றும், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் காட்ட வேண்டும் என்றும் 2023-இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. காலை ஏழரைக்கு வந்து நாலரைக்குப் போக அனுமதி கேட்டு மகள் கடிதம் கொடுத்திருக்கிறாள். மருமகனும் தம் ஆபீசில் அதேபோல் ஒன்று கொடுத்திருக்கிறார். இன்று நாற்பத்தோராம் நாள். இரண்டு பேருக்கும் இன்னும் பதில் வரவில்லை.